கவினுக்கு யார் ஊட்டுவது

1. சிவப்பு

எடை பார்க்கிற நாள் என்றால் வருகிற பிள்ளைகளின் தொடையைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கன்வாடி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. இன்றைக்கும் யாராவது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போனால் என் கண் முகத்துக்குப் போகாது, தொடைக்குப் போகும். மடிப்பு விழுகிறதா, தோல் தொங்குகிறதா என்று பார்க்கும். என் மகள் திட்டுவாள்: "அடுத்த வீட்டுப் பிள்ளைய அப்படி உத்துப் பாக்காதம்மா, கண்ணு வைக்கீகன்னு சொல்லப் போறாக." சொல்லிவிட்டுப் போகட்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும், எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். வகைவகையாகப் பிரித்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். எனக்குத் தூக்கம் கெட்ட வீடு அது.

என் சென்டர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் இருந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம், அதற்கு நடுவில் பட்டாசுக் கம்பெனிகள். நான் பிறந்தது மல்லாங்கிணறு. அங்கே காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வேப்பமரத்தில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் களை வெட்டுவார்கள். பிள்ளை அழுதால் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். கம்பெனி கேட்டுக்குள் அது நடக்காது. தீப்பெட்டி கூடாது, செல்போன் கூடாது, பிள்ளையும் கூடாது. கூடாது என்பது சரிதான், அங்கே பிள்ளையைக் கொண்டுபோவது நெருப்பில் வைப்பதற்குச் சமம். ஆனால் பிள்ளையை வேறு எங்கே வைப்பது என்று யாரும் சொன்னதில்லை. சென்டரில் இரண்டு வயசு தாண்டியவர்களைத்தான் உட்கார வைக்கலாம். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சத்துமாவுப் பாக்கெட்டைக் கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அம்மா எங்கே இருக்கிறாள்? நான் சென்டரைத் திறப்பதற்கு முன்னால் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் பூட்டிய பிறகுதான் கொண்டுவந்து இறக்கும். நான் ஆலோசனை சொல்ல வேண்டிய பெண்கள் நான் வேலையில் இருக்கும் நேரத்தில் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். அதனால் காலையில் என் வீட்டு அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு வேன் நிற்கும் இடத்துக்கு ஓடுவேன். ஆலோசனையெல்லாம் வேன் ஜன்னல் வழியாகத்தான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான், நான் கத்திக்கொண்டே இருப்பேன்.

அந்த மாதம் எடை பார்க்கிற அன்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கவினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகேஸ்வரியின் பிள்ளை. பிறந்து பத்து மாதம். மகேஸ்வரி வீட்டோடு இருந்து பால் கொடுத்த காலத்தில் கொழுகொழுவென்று இருந்தவன். அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தான். பச்சையிலிருந்து மஞ்சள், இப்போது சிவப்பு. எடை அட்டையில் இருக்கும் நிறங்கள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பச்சை என்றால் பிள்ளை நன்றாக வளர்கிறது, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் எழுந்து ஓடு. எடைத் தொட்டிலில் போட்டதும் பிள்ளைகள் காலை உதைத்து ஊரைக் கூட்டும். கவின் சும்மா கிடந்தான். அழாத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

2. வேன் ஜன்னல்

மறுநாள் காலை வேனுக்கு முன்னாலேயே போய் நின்றேன். வேன் வந்ததும் மகேஸ்வரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் தூக்குச்சட்டி.

"ஏத்தா மகேசு, பிள்ளைக்கு என்ன குடுக்க?"

"சத்துமாவுக் கஞ்சிதான் டீச்சர்."

"எத்தன தடவ?"

"காலையில, மதியத்துக்கு, நான் வந்தப்புறம் ஒருக்கா. பாலும் குடுக்கேன்."

"கஞ்சி எப்படி இருக்கும்? தண்ணியாவா?"

"கரண்டியில எடுத்தா விழாது டீச்சர். நீங்க சொன்ன மாதிரியேதான்."

எல்லாம் சரியாகச் சொன்னாள். பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "பிறகு ஏன்டி பிள்ள இப்படி வத்திப் போறான்?" என்று கேட்டேன். அதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

எனக்கு அன்றைக்குப் பாட்டும் ஓடவில்லை, கதையும் ஓடவில்லை. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, வெயிலோடு வெயிலாக மகேஸ்வரி வீட்டுக்கு நடந்தேன். தகவல் சொல்லாமல் போய் நின்றால்தான் அடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

வீட்டில் முனியசாமி இருந்தார், மகேஸ்வரியின் புருஷன். கவினைப் பாயில் படுக்க வைத்திருந்தார். பிள்ளையின் வாயில் பால் பாட்டில், அதை அவனே பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முனியசாமி எழுந்து நின்றார். கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனியசாமி ஒரு கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் அந்த அறை வெடித்தது. உயிர் தப்பியதே பெரிது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது. வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பின, மற்ற விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. தோல் முழுக்கச் சாம்பல் கலரில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். வெடித்தபோது மருந்து தோலுக்குள் ஏறி அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கம்பெனிப் பக்கம் போகவில்லை. மகேஸ்வரி வேலைக்குப் போக, அவர் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். ஊரில் அதைப் பற்றி யாரும் கேலி பேசியதில்லை. இந்த ஊர்களில் வெந்துபோன கையைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். உள்ளே சத்துமாவுதான். ஆனால் கழுநீர் மாதிரி. அது இறங்குவதற்காக நிப்பிளின் ஓட்டையைப் பிளேடால் கீறிப் பெரிதாக்கியிருந்தார்கள். முகர்ந்தேன். மகேஸ்வரி விடியற்காலையில் காய்ச்சி ஊற்றி வைத்துவிட்டுப் போனது, மத்தியான வெயிலுக்குப் புளித்துப்போயிருந்தது.

"தம்பி, பிள்ளைக்கு வயித்தால போகுதா?"

"அப்பப்போ போகுது டீச்சர்."

பாட்டிலைக் கொல்லையில் விட்டெறியலாம் என்று கை துறுதுறுத்தது. எறியவில்லை. எறிந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று மத்தியானத்துக்கு வேறொன்றும் இல்லை. நானே அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டியாகக் கஞ்சி கிண்டி, ஆற வைத்து, கவினை மடியில் போட்டு ஊட்டினேன். சப்பியே பழகிய பிள்ளை, நாக்கால் வெளியே தள்ளினான். இருமினான். என் புடவை முழுக்கக் கஞ்சி. உள்ளே போனது கொஞ்சம்தான்.

"பழகுனா தின்பான். பொழுதன்னைக்கும் நீங்கதான கூட இருக்கீக, நீங்கதான் பழக்கணும்" என்றேன்.

முனியசாமி தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு முடியாது டீச்சர்" என்றார்.

கையைப் பார்த்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

3. துணி சுற்றிய ஸ்பூன்

நர்ஸை அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் பகுதி நர்ஸ் என்னைவிட மிகவும் சின்னவர், ஆனால் பிள்ளை விஷயத்தில் கறார். கவினின் மேல்கையை அளந்து பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார்.

"விருதுநகர் பெரியாஸ்பத்திரியில சேத்துருவோம் டீச்சர். அங்கன தனி வார்டு இருக்கு, அம்மாவும் கூட இருக்கணும். வெயிட் ஏறுற வரைக்கும் வச்சுப் பாப்பாங்க."

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மகேஸ்வரியிடம் இதைச் சொன்னபோது அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தீபாவளி சீசன். கம்பெனியில் ஆர்டர் குவிந்துகிடந்தது. "இப்ப நின்னேன்னா என் எடத்துல இன்னொருத்தி உக்காந்துருவா டீச்சர். சீசன் முடிஞ்சு போய் நின்னா கேட்ல கூட விட மாட்டாக. இவரும் வேலைக்குப் போக முடியாது. நாங்க மூணு பேரும் என்ன செய்ய?"

நர்ஸுக்கும் அது தெரியும். இந்தப் பக்கத்துக்காரர்தான். அடுத்த எடை பார்க்கிற நாள் வரைக்கும் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் எடை ஏற வேண்டும். நடுவில் ஒரு தடவை வயிற்றால் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, யார் என்ன சொன்னாலும் கேட்கப்போவதில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் வேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாட்டிலை நிறுத்த வேண்டும், கெட்டியான உணவை மத்தியானத்தில் புதிதாகக் காய்ச்சி ஊட்ட வேண்டும். அவ்வளவுதான் காரியம். மத்தியானத்தில் வீட்டில் இருப்பது முனியசாமி மட்டும். மடங்கிய விரலால் ஸ்பூனைப் பிடிக்க முடியாது என்று நானும் நர்ஸும் நினைத்தோம். நர்ஸ் மறுநாள் ஒரு ஸ்பூனின் காம்பில் துணியை மொத்தமாகச் சுற்றித் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிடித்துப் பார்க்கச் சொன்னார். முனியசாமி பிடித்தார், நன்றாகவே பிடித்தார். "ரொம்ப உபகாரம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை நான் போனபோது ஸ்பூன் சுவர் ஆணியில் தொங்கியது. துணியில் ஒரு சொட்டுக் கஞ்சிகூடப் படவில்லை. கவின் பாயில் கிடந்து பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. "என்ன தம்பி நெனச்சுக்கிட்டு இருக்கீக? பிள்ள உங்களுக்கு வேணுமா வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் விறுவிறுவென்று வந்துவிட்டேன். கோபத்தில் குடையை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாதித் தூரம் வந்த பிறகுதான் தலை காய்ந்தது.

4. முருங்கைக்கீரை

குடைக்காகத் திரும்பிப் போனேன். வாசல் சாத்தியிருந்ததால் கொல்லைப் பக்கம் சுற்றி வந்தேன். முனியசாமி மரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க, இலை சர்ரென்று முறத்தில் கொட்டியது. நடுவில் ஒரு புழு இருந்தது போல, நுனிவிரலால் அதை மட்டும் எடுத்து எறிந்தார். நான் உருவினால்கூட அவ்வளவு வேகம் வராது.

அப்படியே நின்றுவிட்டேன். புழுவைப் பொறுக்குகிற கைக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்ட முடியாதா?

"தம்பி, உங்களுக்கு முடியாதுன்னு யாரு சொன்னா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"முடியாதுன்னா, தூக்க முடியாது பிடிக்க முடியாதுன்னு சொல்லல டீச்சர்."

"பிறகு?"

முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மருந்து ரூமில் சேர்ந்த அன்றைக்கு ஃபோர்மேன் அவருக்கு முதலில் சொன்னது, மருந்து தொட்ட கையோடு சோற்றைத் தொடாதே என்பதுதான். சோப்புப் போட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, நகத்துக்குள் பார்த்து, அதற்குப் பிறகுதான் சாப்பிட வேண்டும். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் அப்படியே செய்தார். "அன்னைக்கு இருந்தது மேலோட ஒட்டுன மருந்து, கழுவுனா போயிரும். இது உள்ள ஏறுனது. எம்புட்டோ தேச்சுப் பாத்துட்டேன், ஒரு புள்ளி போகல. இந்தக் கை பூராம் மருந்துதான் டீச்சர். நானே ஸ்பூன்லதான் திங்கேன்."

"கீரைய மட்டும் தொடுறீக?"

"அத மகேசு கழுவித்தான உலையில போடுவா. வெந்துரும்ல."

"அப்ப நர்ஸம்மா குடுத்த ஸ்பூன்ல ஊட்டுறதுக்கு என்ன? கை படாதே."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஸ்பூனுக்கு முன்பே வீட்டு ஸ்பூனால் ஒரு தடவை ஊட்டிப் பார்த்திருக்கிறார். கவின் சந்தோஷமாக வாயைத் திறந்து, அப்பன் கையை இழுத்து, பெருவிரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டான். அவர் பிடுங்குவதற்குள் சப்பிவிட்டான். அன்று சாயங்காலமே பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

"என் கையாலதான் போச்சு டீச்சர். எம்பிள்ளைக்கு நானே மருந்தக் குடுத்துட்டேன்" என்றார். பிள்ளையைத் தூக்கும்போது துண்டைச் சுற்றிக்கொள்வதும், பாட்டிலைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பதும் எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் பிள்ளையைத் தன்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

சொல்லிப் பார்த்தேன். வயிற்றால் போனது புளித்த கஞ்சியால். தோல் மூடிவிட்டது, உள்ளே இருப்பது பச்சை குத்தின மாதிரி, வெளியே வராது. அங்கிருந்தே நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நர்ஸம்மா நல்லவுகதான். மருந்தப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆயாவுக்குப் போன் போட்டுச் சென்டரைப் பூட்டச் சொல்லிவிட்டு, மகேஸ்வரி வரட்டும் என்று அங்கேயே இருந்தேன். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

5. பேசன் தண்ணீர்

வேன் சத்தம் கேட்டதும் கவின் அழ ஆரம்பித்தான். அந்த ஊரில் கைக்குழந்தைகள் எல்லாவற்றுக்கும் அந்த வேன் சத்தம் தெரியும். மகேஸ்வரி ஓடிவந்தாள், ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. பகல் முழுக்கக் கட்டிய பால்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "தெரிஞ்சுபோச்சா டீச்சர்?" என்றாள். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்காரு. வெளிய சொன்னா ஊர்ல இவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சும்பாக. அதான் நீங்க கேக்கும்போதெல்லாம் எல்லாம் சரியா நடக்குன்னு சொன்னேன்."

சொல்லிக்கொண்டே மூலையில் திரும்பி முதல் பாலைத் தரையில் பீச்சப் போனாள். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பகலெல்லாம் உஷ்ணத்தில் வேலை பார்த்தால் பால் சூடேறிக் கெட்டுவிடும், அந்தச் சூட்டுப்பாலைப் பீச்சி விட்டுவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பார்கள். அன்று எனக்கு எதுவும் பொறுக்கவில்லை.

"அதக் கீழ விடாதத்தா. பால் கெடாது, மாருக்குள்ள இருக்க பால் எங்கயும் கெடாது. மொதல்ல கையக் கழுவு, சேலைய மாத்து. பிறகு பிள்ளையத் தொடு."

"கம்பெனியிலயே சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வேன் ஏறுனேன் டீச்சர்."

"இன்னொருக்கா கழுவு."

பிள்ளை கத்துகிற அவசரத்தில் அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. நீலக் கலர் பேசனில் குடத்துத் தண்ணீரை ஊற்றி, அதிலேயே கையை அலசினாள். எடுத்ததும் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம் மினுங்கியது. அவள் வேலை பார்ப்பது அலுமினியப் பவுடர் புழங்கும் அறையில். அந்தப் பவுடர் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து வெள்ளியாக ஆடும்.

முனியசாமி பேசனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பாத்தீகளா டீச்சர். சோப்புப் போட்டுக் கழுவுன கையிலயே இம்புட்டு வருது. என் கையில எம்புட்டு இருக்கும்?"

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ தெரியாது. அந்தத் தண்ணீரைத் தூக்கி வாசலில் கொட்டினேன். பேசனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் ஊற்றி அவர் காலடியில் வைத்தேன்.

"எம்புட்டு இருக்குன்னு பாத்துருவோம். முக்குங்க."

அவர் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"முக்குங்க தம்பி. மருந்தப் பத்தி எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்ல? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

துண்டை அவிழ்த்தார். உட்கார்ந்து இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டார். மகேஸ்வரி அழுகிற பிள்ளையை மறந்து நின்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே, ஒரு புள்ளியாவது மினுங்கிவிட்டால் இந்த மனுஷன் அப்புறம் பிள்ளை பக்கமே வர மாட்டார். காலையில் என்ன தொட்டாரோ, எந்தத் தூசி ஒட்டியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

அவர் நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு கையால் இன்னொரு கையைத் தேய்த்தார். புள்ளிகள் இருக்கும் இடமாகப் பார்த்து நகத்தால் சுரண்டினார். பிறகு கையை வெளியே எடுத்துவிட்டு, பேசனைத் தூக்கிச் சாய்ந்த வெயிலுக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். மருந்து ரூமில் பழகிய கண் அது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு முருங்கை இலை மட்டும் மிதந்தது.

திரும்பவும் முக்கினார். திரும்பவும் பார்த்தார். பேசனைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

"அப்ப அன்னைக்கு வயித்தால போனது?" என்று கேட்டார்.

"புளிச்ச கஞ்சி. நூறு தடவ சொல்லிட்டேன்."

மகேஸ்வரி கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள், நகத்தையெல்லாம் குடைந்து கழுவினாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். சொட்டுக்கூடக் கீழே விடவில்லை. நான் அதற்குள் கெட்டிக் கஞ்சி கிண்டித் தட்டில் ஆற்றி வைத்தேன். பால் குடித்து முடித்த பிள்ளையை மடியில் நிமிர்த்தி, மகேஸ்வரி வழக்கம்போல ஊட்டுவதற்குத் தட்டுக்குக் கையைக் கொண்டுபோனாள். கொண்டுபோன கை நின்றது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டை முனியசாமி பக்கம் தள்ளினாள்.

"நீங்களே ஊட்டுங்க. இந்த வீட்ல மருந்து இல்லாத கை உங்களுதுதான்."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். இரண்டு விரலால் கொஞ்சமாக எடுத்து, கவின் வாயருகே கொண்டுபோனார். பிள்ளை முதலில் நாக்கால் தள்ளினான். வழித்து மறுபடி வைத்தார். என்னிடம் இல்லாத பொறுமை அவரிடம் இருந்தது. மூன்றாவதோ நான்காவதோ வாய் உள்ளே இறங்கியது. கவின் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பெருவிரலோடு சேர்த்துச் சப்பினான். முனியசாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைப்பதற்கு இன்னொரு கையைக்கூட எடுக்கவில்லை. நான் வெளியே வந்து தெருவில் நின்று நன்றாக அழுதேன்.

6. கேட்க வேண்டிய கேள்வி

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. பாட்டிலை விட மாட்டேன் என்று கவின் ஊரையே கூட்டினான். நான் தினமும் மத்தியானம் போய் நின்று நச்சரித்தேன். கஞ்சி, பிறகு பருப்பும் கீரையும் போட்டுக் குழைத்த சோறு, முட்டையின் மஞ்சள் கரு என்று முனியசாமி ஒவ்வொன்றாகப் பழக்கினார். மத்தியானத்துக்கு மத்தியானம் புதிதாகக் காய்ச்சினார். வயிற்றால் போவது நின்றது. குறித்த நாளில் நர்ஸ் எடை பார்த்தார், கொஞ்சம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஏறாமல் இருந்திருந்தால் மகேஸ்வரி காலைப் பிடித்தாலும் நானே பஸ் ஏற்றியிருப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

மகேஸ்வரி பேசன் தண்ணீரைப் பற்றி வேனில் சொல்லிவிட்டாள். வேனிலிருந்து இறங்குகிறவர்கள் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் சோப்போடு தெருக்குழாய்க்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரர்கள் இன்னும் நேரே ஓடுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கத்த வேண்டும் போல இருக்கிறது. சில நாள் கத்தியும் விடுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது இது. நமக்குப் பயிற்சியில் கேட்கச் சொல்லிக் கொடுப்பது என்ன கொடுத்தாய், எத்தனை தடவை கொடுத்தாய், கெட்டியாகக் கொடுத்தாயா என்று. மூன்றுக்கும் சரியான பதில் மனப்பாடமாக இருக்கும், ஏனென்றால் நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். பகலில் பிள்ளையோடு இருப்பது யார், ஊட்டுவது யார், ஊட்ட அவருக்கு என்ன தடை என்று கேளுங்கள். பதிலை வேன் ஜன்னலில் வாங்காதீர்கள். அந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே போய், அவர் வாயால் கேளுங்கள். ஒரு அம்மா பொய் சொன்னால் கோபப்படுவதற்கு முன்னால், அவள் யாரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று பாருங்கள். எனக்கு அந்த நிதானம் வேலையை விடும் வரை முழுசாக வரவில்லை.

அதற்குப் பிறகு எடை பார்க்கிற நாளுக்குக் கவினைப் பக்கத்து வீட்டுப் பெண் தூக்கி வருவதில்லை. முனியசாமியே வந்து பெண்கள் வரிசையில் நிற்பார். ஒரு தடவை புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். எடைத் தொட்டிலில் கவின் காலை உதைத்து அலறிக்கொண்டிருந்தான். அவள் கவினின் தொடையையே பார்த்தாள்.

"ஏண்ணே, உங்க வீட்ல கம்பெனிக்குப் போறாகள்ல? மதியத்துக்கு யாரு ஊட்டுறா?"

"நான்தாம்மா" என்றார் முனியசாமி. கவினைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு, "உன் பிள்ளைக்கு யாரு ஊட்டுறா?" என்று அவளிடம் கேட்டார்.